பட்டுத்துணிக்குள் ஒரு டிரம்பெட்

"வெளியிலே எடு விஜயம், நான் சொல்றதை..."

"எடுக்க முடியாது."

"கொஞ்சம் கேளேன், ஒரே ஒரு..."

"நீங்க சொல்றது காதுல விழறது. அதுக்காக எடுத்துட முடியுமா? நேத்து சாயங்காலம் வச்சு, பூப் போட்டு, கற்பூரமும் காட்டியாச்சு."

"வேத புஸ்தகமா அது? ரெக்கார்டு! கிராமபோன் ரெக்கார்டு!"

"என்னவா இருந்தா என்ன? வச்சது வச்சதாக்கும். நாளைக்கு விஜயதசமி. கார்த்தால குளிச்சுட்டுப் பூஜை எடுப்பேன். அதுவரைக்கும் அந்தப் பட்டுத்துணியை ஒருத்தரும் தொடப்படாது."

"இன்னிக்குச் சாயங்காலம் சத்தியநேசன் வரார்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். அவருக்கும் சேர்த்துத்தான் கடலை ஊறப் போட்டிருக்கேன்."

சேஷன் மனைவியை முறைத்தார். கடலைக்கு என்ன பதில் சொல்வது?

அவர் சத்தம் போடுகிற மனிதரே அல்ல. ஏஜீஸ் ஆபீசில் அரசாங்கக் கணக்குப் பார்த்த காலமெல்லாம், அடுத்த மேஜைக்காரருக்குக் கூடக் கேட்காத குரலில் பேசியே காலம் தள்ளியவர். ஜூன் மாதம் ரிட்டையர் ஆன பிறகுதான் இந்தக் குரல் கிளம்பியிருக்கிறது. இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது என்று விஜயத்துக்கே ஆச்சரியம்.

மலையாள நாட்டுத் தலைநகரில், அந்த ஸ்ரீவராகத்து வீட்டில் ஒரு வாரமாகவே அமளிதான். டெக்னோபார்க் கம்பெனி வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்த பிள்ளை அனந்த், திரும்பி வரும்போது அப்பாவுக்கென்று பெட்டி பெட்டியாக இறக்கி விட்டான். ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், சிடி பிளேயர், இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். சூடேறி வாய் திறப்பதற்குள் காப்பி ஆறிப்போகும் அந்தப் பழைய வால்வு செட் பின்கட்டுக்குப் போயிற்று. பழைய ரெக்கார்ட் பிளேயரை மட்டும் சேஷன் விடவில்லை. அதையும் புதுசோடு இணைத்தாயிற்று.

வைப்பதற்குத்தான் இடமில்லை. கூடத்தில் கொலு. கொலுவை நகர்த்த முடியாது என்று விஜயம். ஸ்பீக்கரை வேறெங்கும் வைத்தால் சத்தம் கெட்டுப் போகும் என்று அனந்த். கடைசியில் கொலு நடுவிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் கறுப்பாக, துவாரபாலகர்கள் மாதிரி ஸ்பீக்கர்கள் நின்றன. வந்த பெண்டுகள் எல்லாரும் பொம்மையை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்று மகாநவமி. ஆம்ப்ளிஃபயருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. வால்யூம் திருகின் மேலேயே அம்மா வைத்துவிட்டாள் என்று அனந்த் காலையில் ஒரு மூச்சுப் புலம்பினான்.

அதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், பூஜை அறையில் பட்டுத்துணிக்குள் இருந்தது.

அது ஒரு நீல அட்டை ரெக்கார்டு. கல்யாணத்துக்கு முன்பு, ஆபீசில் சேர்ந்த புதிதில், சேஷனும் சத்தியநேசனும் பஸ் பிடித்து வித்துரா போய், அங்கிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு ஏறினார்கள். ஊருக்குத் திரும்புகிற துரை ஒருவர் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனது. மற்றவர்கள் நாற்காலியும் பீங்கானும் அள்ளிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு ரெக்கார்டை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். ஜாஸ் என்றால் என்னவென்று அதுவரை இருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் அட்டையைப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொல்வார்கள்.

அதற்குப் பிறகு அலமாரி நிறைய ஜாஸ் வந்துவிட்டது. ஆனாலும் அந்த நீல அட்டைக்கு இருக்கிற மரியாதை வேறு. ஆவணி ஓணத்திலிருந்து சித்திரை விஷு வரை இங்கே; விஷுவிலிருந்து ஓணம் வரை சத்தியநேசன் வீட்டில். ஒரு வருஷம் கூடத் தவறியதில்லை.

நாளை விடியற்காலை விமானத்தில் சத்தியநேசன் போகிறார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் ஜெஸ்லினிடம், ஒரேயடியாக. மனைவி போன பிறகு பாறசாலை வீட்டில் தனியாக என்ன செய்வது? வீட்டைக்கூட விற்றாயிற்று. போவதற்கு முன் நீல அட்டையைப் புது செட்டில் ஒரு தடவை சேர்ந்து கேட்க வேண்டும், அது இனி யாரிடம் இருப்பது என்றும் முடிவு செய்ய வேண்டும். இதற்காகத்தான் அனந்த் இரண்டு நாளாக ஒயரும் கையுமாக உருண்டது.

பூஜை எடுப்பதோ விடிந்த பிறகு. அந்த நேரம் சத்தியநேசன் ஆகாயத்தில் இருப்பார்.

"சரி, ஒண்ணு கேக்கறேன்," என்றார் சேஷன், குரலைத் தாழ்த்தி. "அலமாரி நிறைய ரெக்கார்டு இருக்கு. அத்தனையும் விட்டுட்டு எதுக்கு அதையே எடுத்தே?"

"மேலாப்பல இருந்தது."

இது பொய். அது கீழ்த்தட்டில், கடைசியில், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. விஜயம் மண்டி போட்டு, கையை உள்ளே விட்டு, எடுத்தாள்.

"ரெக்கார்டைப் பூஜைல வைக்கணும்னு யார் சொன்னா உனக்கு? எந்தாத்துல வைக்கறா?"

விஜயம் ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"வருஷா வருஷம் உங்க ஆபீஸ் பேனாவையும் ரூல்ஸ் புஸ்தகத்தையும் வைப்பேன். இந்த வருஷம் அது கிடையாது. அனந்தோட கம்ப்யூட்டர் புஸ்தகம் வச்சேன், என் பாட்டுப் புஸ்தகம் வச்சேன். உங்க பேருக்கு வைக்க என்ன இருக்குன்னு பார்த்தேன். ஒண்ணுமில்லேன்னு விடறதுக்கு மனசு வரலை. உங்க வித்தை எதுன்னு யோசிச்சேன். வச்சேன்."

சேஷன் பூஜை அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "கிழக்கேகோட்டை வரைக்கும் போயிட்டு வரேன்," என்று கிளம்பிவிட்டார். என்ன வாங்க என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

*

அனந்த் அடுக்களை வாசலில் வந்து நின்றான். பல்லில் ஒரு துண்டு ஒயர்.

"துப்பு அதை. சாப்பிடற வாய்."

துப்பினான். "அம்மா, ஒரு காரியம் சொல்லட்டே?"

"நீ சொல்லப் போறது தெரியும். வேண்டாம்."

"கேசட் இருக்கில்லே?"

"மெள்ளப் பேசு!"

"அப்பா ஜங்ஷன் தாண்டியிருப்பா. கேசட் இருக்கா, இல்லியா?"

இருந்தது. அரிசி டின்னுக்குப் பக்கத்தில், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னுக்குப் பின்னால். வெளியே 'வெள்ளிக்கிழமை ஸ்லோகம்' என்று அவள் கையெழுத்தில் லேபிள். உள்ளே நீல அட்டை ரெக்கார்டின் இரண்டாவது பாட்டு. அனந்த் பத்தாம் கிளாஸ் படிக்கையில், சேஷன் ஆபீஸ் போன ஒரு பகல் நேரத்தில், பழைய செட்டின் முன்னால் டூ-இன்-ஒன்னை வைத்து, அம்மா கேட்டதற்காகப் பதிவு செய்து கொடுத்தது. அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். பையன் இன்றுவரை காப்பாற்றி வந்தான்.

"நான் சத்தியம் பண்ணினதாக்கும். அதுனால நானாச் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"எப்படிடா சொல்றது? இத்தனை காலம் கழிச்சு, கேசட்டைத் தூக்கிண்டு போய் நின்னா, திருடி அகப்பட்டவ மாதிரி இருக்காதா?"

"திருடினதா? நம்மாத்துப் பாட்டு! அப்பாக்கு சந்தோஷமாத்தான் இருக்கும், கேட்டியா."

"உனக்குத் தெரியாது."

"எந்தாணு தெரியாதது? சொல்லேன்."

சொல்லும்படியாக அதில் என்ன இருக்கிறது? ஒரு வாக்கியம். கல்யாணமான புதிது. ஞாயிற்றுக்கிழமை. இரண்டு நாற்காலி போட்டு நண்பர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காப்பி கொண்டு போனவள், ஆசையாகத்தான், "இது என்ன, கல்யாண ஊர்வலத்து பாண்டு மாதிரி இருக்கே?" என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள். "உனக்கு இதெல்லாம் பிடிபடாது விஜயம்," என்றார் சேஷன், கோபமில்லாமல், தம்ளரை வாங்கிக்கொண்டே. அவ்வளவுதான். அவருக்கு மறுநாள் கூட நினைவிருந்திருக்காது.

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். ஆனால் பாட்டு சுவரைப் பார்த்து நிற்குமா? அதுவும் பின்னாலேயே வந்துவிட்டது. சாம்பார் கொதிக்கையில் வருவது, அப்பளம் பொரிக்கையில் வருவது என்று ஒவ்வொன்றுக்கும் அவளிடம் அடையாளம் உண்டு. நீல அட்டையின் இரண்டாவது பாட்டில் அந்த டிரம்பெட்காரன் ஒவ்வொரு அடியும் தொடங்குமுன் ஒரு கணம் நின்றுவிடுவான். வாசல்வரை வந்து, கூப்பிடலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று நிற்கிறவன் மாதிரி. 'வாசல்ல நிக்கறவன்' என்று அவனுக்குப் பெயர் வைத்திருந்தாள். ஓணம் கழிந்தால் வருவான். விஷு வந்தால் போய்விடுவான். போன பிறகு நாலஞ்சு மாசம் அடுக்களை வெறிச்சென்று இருக்கும். அதற்குத்தான் கேசட்.

"ஒண்ணுமில்லே. நீ போய் அந்த ஒயரையெல்லாம் ஒதுக்கு. யாராவது தடுக்கி விழப் போறா."

"அம்மா..."

"போடா."

போகிறவன் திரும்பி, "ஒரு விசேஷம் தெரியுமோ? நான் டேப் வச்சு அளந்து பார்த்தேன். ரெண்டு ஸ்பீக்கர் சத்தமும் ஒண்ணா வந்து சேரற இடம் எது சொல்லு? நாற்காலி போட்ட இடமில்லே. இதோ, நீ நிக்கறயே, இந்த அடுக்களை வாசல். இங்க நாற்காலி போட்டா நீ எங்க நடப்பேன்னுதான் முன்னாடி தள்ளிப் போட்டேன்," என்றான்.

"இது ஒண்ணுதான் பாக்கி," என்றாள் விஜயம். கடலையை வடிகட்டத் தொடங்கினாள்.

*

சத்தியநேசன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு வந்தார். வாசலிலிருந்தே குரல்.

"விஜயம்மா! சுண்டல் மணம் தெருமுக்குல வந்து என்னைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வருது கேட்டியளா!"

"வாங்கோ சார். கொலு பார்த்துட்டு உக்காருங்கோ."

"கொலுவா? இது என்னதுவேய், கறுப்பா ரெண்டு காவக்காரன் நிக்கான்? வேய் சேஷன், உம்ம பொம்மையெல்லாம் பயந்து கெடக்கு."

"வாரும் ஓய்," என்றார் சேஷன். எழுந்து நின்றார். உட்காரவில்லை. "ஒரு சங்கதி. சொன்னா நீர் கோவிச்சுக்கப்படாது."

"நாளைக்குப் பிளேனு. இன்னைக்கு எதுக்குக் கோவம்? சொல்லும்."

சேஷன் சொன்னார். அடுக்களையில் விஜயம் கரண்டியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கேட்டாள். சுருக்கமாகத்தான் சொன்னார். பூஜையில் இருக்கிறது, நாளைக் காலைவரை எடுப்பதற்கில்லை, அவ்வளவுதான். யார் வைத்தார்கள் என்று சொல்லவில்லை.

சத்தியநேசன் வறுவல் பொட்டலத்தைக் கொலுப்படி ஓரமாக வைத்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு அவ்வளவு நன்றாக வரவில்லை.

"அப்போ நம்ம துரை ரெக்கார்டு சாமியாயாச்சு. பரவாயில்ல வேய். என்ன செய்ய?"

"அங்கிள்," என்றான் அனந்த். குரலைத் தாழ்த்திக்கொண்டான், ஆனால் அடுக்களை வாசலில் எல்லாம் வந்து சேரும் என்று அவனேதானே சொன்னான். "அஞ்சு நிமிஷம் போதும். அம்மா கொல்லைப் பக்கம் போறச்சே துணியை லேசாத் தூக்கி எடுத்து, கேட்டுட்டு, அப்படியே வச்சுடலாம். பூகூட அசையாது."

"நல்ல பிள்ளை!" என்றார் சத்தியநேசன்.

விஜயம் கதவைப் பிடித்துக்கொண்டாள். வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சேஷன் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டியிருந்தது.

"வேண்டாம்டா," என்றார் சேஷன்.

"அப்பா, ஒந்நு நினைச்சுப் பாருங்கோ, அங்கிள் இனிமே எப்போ..."

"தெரியும். இருந்தாலும் வேண்டாம். என் பேருக்குன்னு அவ யோசிச்சு வச்சிருக்கா. எனக்குன்னு ஒரு வித்தை இருக்குன்னு இந்த ஆத்துல ஒருத்தி நினைச்சிருக்காளே. அதைத் திருட்டுத்தனமா எடுக்க எனக்கு மனசில்லே."

சத்தியநேசன் தலையாட்டினார். "அது உள்ளது வேய். வச்சவிய எடுக்கட்டு." கொஞ்சம் பொறுத்து, "அது இனி யாருக்குங்கிறதுக்கு எனக்க மனசுல ஒரு யோசனை உண்டு. அந்தப் பாட்டைக் கேட்டு முடிச்ச பொறவு சொல்லலாம்னு நெனச்சேன். போகட்டு, பாப்போம்," என்றார்.

அனந்த் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சிடி ஒன்றைப் போட்டான். ஜாஸ்தான். சுத்தமான சத்தம்; ஒரு தூசி இல்லை. பாஸ் வாத்தியம் அடிக்கும்போது கொலுவில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை தானாகத் தலையை ஆட்டியது. அனந்த் பெருமையோடு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அடிபொளி," என்றார் சத்தியநேசன் மரியாதைக்கு.

"நன்னாயிருக்கு," என்றார் சேஷன், அதே மரியாதைக்கு.

பெண் பார்க்கப் போன வீட்டில் சொஜ்ஜியைப் பற்றிச் சொல்வது போலிருந்தது. இரண்டு பேர் கண்ணும் பூஜை அறைப் பக்கம் போய்ப் போய் வந்தன.

விஜயம் சுண்டலைத் தட்டில் போட்டாள். தேங்காய்த் துருவல் தூவினாள். காப்பியை ஆற்றினாள். ஆற்றினதையே மறுபடி ஆற்றினாள். ஜூனிலிருந்து சத்தம் போடுகிற மனிதர் இப்போதும் சத்தம் போட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். பிடிவாதத்தோடு பிடிவாதமாக நின்றிருக்கலாம். அவரோ, வேண்டாம்டா என்று விட்டாரே. அவள் வைத்ததை அவர் மதித்த பிறகு, தன்னிடம் இருப்பதை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒளித்து வைத்துக்கொண்டு சுண்டல் கொடுப்பது எப்படி?

டூ-இன்-ஒன்னுக்குப் பின்னால் கையை விட்டாள். கேசட்டின் மேல் மிளகாய்ப்பொடி படிந்திருந்தது. தலைப்பில் துடைத்தாள். சுண்டல் தட்டுக்கும் காப்பித் தம்ளருக்கும் நடுவில் அதையும் வைத்து, தாம்பாளத்தோடு தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"இந்தா அனந்த். இதைப் போடு. இது பூஜைல வைக்கலை."

அனந்த் அவள் முகத்தைப் பார்த்தான். கேசட்டை எடுத்துக்கொண்டான்.

சேஷன் மூக்குக்கண்ணாடியை ஏற்றி லேபிளைப் படித்தார். "விஜயம், சாவகாசமா வெள்ளிக்கிழமைக்குப் போட்டுக்கலாமே. சத்தியநேசன் உக்காந்திருக்கார், இப்போ ஸ்லோகமா?"

"இருக்கட்டும் வேய். போறதுக்கு முன்ன கொஞ்சம் புண்ணியம் கெடைக்கட்டு."

"சித்தே கேளுங்கோ," என்றாள் விஜயம். திரும்பி அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

முதலில் 'ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். பிறகு ஒரு காக்கை. அது கூடத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்து கத்துகிற மாதிரி இருந்தது. சத்தியநேசன் அண்ணாந்து பார்த்தார். ஊசி ரெக்கார்டில் இறங்குகிற கரகரப்பு. ஒரு கணம் ஒன்றுமில்லை.

அப்புறம் அவன் வந்தான். வாசலில் நின்றான். தயங்கினான். ஊதினான்.

காப்பித் தம்ளர் சேஷனின் உதட்டருகே நின்றுவிட்டது.

"வேய்..." என்றார் சத்தியநேசன்.

"ஆமாம்," என்றார் சேஷன்.

சிடியைப் போலச் சுத்தமான சத்தம் இல்லை இது. தூரத்தில் சைக்கிள் மணி, எங்கோ குக்கர் விசில் எல்லாம் கலந்திருந்தது. ஆனாலும் அவன்தான். சத்தியநேசன் கண்ணை மூடிக்கொண்டார். தொடைமேல் விரல் தாளம் போட்டது. குக்கர் விசில் வந்தபோது, "சரியான எடத்துல வருது பாரும்," என்றார் கண்ணைத் திறக்காமலே.

விஜயம் கதவில் சாய்ந்துகொண்டாள். அடுக்களை டூ-இன்-ஒன்னில் எத்தனையோ மத்தியானம் கேட்டதுதான். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் டிரம்பெட் மட்டும் ஈனசுரத்தில் வரும். முடிந்ததும் பொத்தானை அமுக்கிவிடுவாள். இங்கே அவன் ஆளுயரத்துக்கு நின்றான். மூச்சு இழுப்பது கேட்டது. பையன் சொன்னது சரிதான். இந்த இடத்தில் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது.

"வேய் சேஷன்," சத்தியநேசன் கண்ணைத் திறந்தார். "இதுல ஒரு பொம்பளை கொரல் கேக்குதே?"

"அதுல பாட்டே கிடையாதே ஓய். வெறும் வாத்தியந்தானே."

"உண்டு. அடியில. கூர்ந்து கேளும்."

சேஷன் நாற்காலியை விட்டு எழுந்து ஸ்பீக்கர் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

விஜயம் கதவிலிருந்து நிமிர்ந்தாள். அவளுக்கும் கேட்டது. டிரம்பெட்டுக்குக் கீழே, மெல்லிசாக, வாய் திறக்காமல் ஒரு ஹம்மிங். பின்பற்றிக்கொண்டு வரவில்லை, சில இடத்தில் முந்திக்கொண்டு போயிற்று. அவன் அடுத்து எங்கே வரப்போகிறான் என்று அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. அவன் வாசலில் தயங்கி நிற்கிற ஒவ்வொரு தடவையும் அந்த இடைவெளியில் அது மெதுவாக நுழைந்து, வா, வா என்கிற மாதிரி ஒரு சின்ன கமகம் கொடுத்து, அவன் உள்ளே வந்ததும் ஒதுங்கிக்கொண்டது.

தான் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அன்றைக்கு அவளுக்கே தெரியாது. இத்தனை நாள் தெரியாது. எந்தச் சிங்கப்பூர்க்காரன் இப்படி ஒரு பெட்டியைச் செய்தானோ!

"அனந்த், நிறுத்து அதை," என்றாள். ஒரு அடி எடுத்து வைத்தாள். அனந்த் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது. கண் பெரிதாக இருந்தது.

சேஷன் குனிந்தபடியே இருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கை மட்டும் ஸ்பீக்கரின் தலைமேல், குழந்தை தலையில் வைப்பது போல இருந்தது.

"இவிய நம்மளவிட நல்லா கேட்டிருக்காவ வேய்," என்றார் சத்தியநேசன் மெள்ள. யார் என்று அவரும் கேட்கவில்லை. "அந்த ரெக்கார்டு இனி யாருக்குன்னு நான் சொல்லவும் வேணுமா?"

கடைசி அடி. டிரம்பெட் ஒரு சுரத்தில் போய் நின்றது. கூடவே ஹம்மிங்கும் நின்றது. இரண்டும் ஒரே இடத்தில். ஊசியின் கரகரப்பு. காக்கை.

அப்புறம், யாரும் எதிர்பாராமல், கூடம் முழுக்க ஒரு இரும்பு கேட் கிறீச்சென்று திறந்தது. விஜயத்தின் குரல், இன்னும் கொஞ்சம் இளைய குரல், மூச்சிரைக்க, இரண்டு ஸ்பீக்கரிலும் கணீரென்று கேட்டது:

"ஐயோ, அப்பா வந்துட்டார்டா! நிறுத்து, நிறுத்து! ரெக்கார்டை உள்ள வை, சீக்கிரம்!"

டக்.

அதோடு கேசட் வெறுமையாக ஓடியது. கொலுவில் தலையாட்டி பொம்மை இன்னும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. சத்தியநேசன் சுண்டல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சேஷன் நிமிர்ந்தார். அடுக்களை வாசலைப் பார்த்தார். கோபம் இல்லை, ரிட்டையர் ஆன பிறகு வந்த குரலும் இல்லை. பழைய ஆபீஸ் குரல், அடுத்த நாற்காலிக்குக் கூடக் கேட்காத குரல். ஆனால் அந்த வாசலில் நின்றவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"நான் வந்தா எதுக்கு நிறுத்தணும், விஜயம்?"